மணப்பாட்டுக் குன்றில் ஒரு கோடை நாள்

கோடை விடுமுறை முடியப் பத்து நாட்களே எஞ்சியிருந்தன. 2024-ஆம் ஆண்டு மே 31, வெள்ளிக்கிழமை. மரியன்னை தம் உறவினராகிய எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்றதைத் திருச்சபை நினைவுகூரும் திருநாள். அன்று வைகறை ஐந்து மணிக்கு நம் ஆலய முற்றத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. சிறுவர் சிறுமியர் 45 பேர். அவர்களோடு வரப் பெரியவர்கள் 9 பேர். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று முன்னரே வகுத்து, பெயர்களை எழுதி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்திருந்தோம். உபதேசியார் விளக்கொளியில் நின்று பெயர்களை வாசித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராய் ஏறினர்.

எல்லோரும் ஏறிய பின்னர், பட்டியலில் இல்லாத ஒருவர் தயங்கித் தயங்கி வண்டியருகே வந்தார். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி. கையில் ஒரு தூக்குச் சட்டி. ‘சாமி, நானும் வரட்டுமா?’ என்று கேட்டார். நாம் மறுமொழி கூறவில்லை; கையைப் பிடித்து ஏற்றி, முன் இருக்கையில் அமர்த்தினோம். அவர் யார் என்பதையும், இந்தப் பயணம் ஏன் ஏற்பட்டது என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் கடலையும் குன்றையும் வருணித்துக்கொண்டு போவது நேர்மையாகாது.

அதற்கு முந்திய ஆண்டு, 2023 மே மாதம், நம் பங்கில் ஒரு சிறுவன் இறந்தான். வயது பதினொன்று. ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தான். தந்தை சென்னையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். தாய் வாழைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். வீட்டில் ஆச்சி இருந்தார். பேருந்தில் ஏறிய மூதாட்டி அவரே.

நம் ஆலயத்தை ஒட்டிய மைதானத்தில்தான் பிள்ளைகள் நாள்தோறும் விளையாடுவர். ஏப்ரல் மாத இறுதியில் பந்து பட்டு மாதா கெபியின் கண்ணாடி உடைந்தது. நமக்குச் சினம் உண்டாயிற்று. மைதானத்தின் வாயிலைப் பூட்டி, சாவியை நம் அறையில் ஆணியில் மாட்டினோம். ‘பள்ளி திறக்கும் வரை எவரும் உள்ளே வரலாகாது’ என்று ஞாயிறு பூசையில் அறிவிக்கவும் செய்தோம். மைதானம் பூட்டப்பட்டதும் பிள்ளைகள் வேறு இடம் தேடினர். ஊருக்கு வெளியே வாழைத் தோட்டத்தில் ஓர் ஆழமான கிணறு. அங்கே போனார்கள். அவனுக்கு நீந்தத் தெரியாது. உடன் சென்ற சிறுவர் இருவரும் அச்சத்தால் நடுங்கி ஓடி, ஆளுக்கொரு வீட்டில் ஒளிந்துகொண்டனர். மாலை நான்கு மணி வரை ஒருவரும் ஒன்றும் அறியவில்லை.

பின்னர் விசாரித்தபோது தெரிந்தது இது: மகன் ஆச்சியிடம் இருக்கிறான் என்று தாய் எண்ணினார். அவன் கோயில் மைதானத்தில் இருக்கிறான் என்று ஆச்சி எண்ணினார். வாயில் பூட்டியிருப்பதைக் கண்ட உபதேசியார், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்று எண்ணினார். நாம் ஒன்றுமே எண்ணவில்லை; நண்பகல் உணவுக்குப் பின் உறங்கிக்கொண்டிருந்தோம். நால்வரும் அவனை நேசித்தவர்களே. நால்வரில் ஒருவரும் அவனோடு இல்லை.

அடக்கப் பூசையில் நாம் என்ன பேசினோம் என்பது நினைவில் இல்லை. அன்றிரவு அந்தச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தது மட்டும் நினைவில் இருக்கிறது.

அதனால்தான் அடுத்த கோடையில் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்வோம் என்று நாம் சொன்னபோது ஊரில் எதிர்ப்பு எழுந்தது. அச்சத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்த மே மாதத் தொடக்கத்தில்தான் குமரி மாவட்டக் கடற்கரையொன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். தொலைவில், தென்கடலில் வீசிய புயற்காற்று எழுப்பிய நெடிய அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறி வரும். அதனைக் ‘கள்ளக்கடல்’ என்று மீனவர் அழைப்பர். ஒரு தாய் கேட்டார்: ‘சாமி, தண்ணி பக்கமே போகாம இருந்தாப் போதாதா?’ நாம் சொன்னோம்: ‘அம்மா, கிணறில்லாத ஊர் எது, குளமில்லாத ஊர் எது? போகாதே என்று சொன்னால் நமக்குத் தெரியாமல் போவார்கள். நாம் கூடப் போவோம்.’ கடலின் நிலையைக் கேட்டறிந்து, எச்சரிக்கை ஏதுமில்லை என்று உறுதியான பின்னரே நாள் குறித்தோம்.

பேருந்து சாத்தான்குளத்தைத் தாண்டியபோது கிழக்கு வெளுத்தது. இருபுறமும் செம்மணல் தேரி. மஞ்சளும் சிவப்பும் கலந்த அந்த மணல்மேடுகளில் பனைமரங்கள் இடுப்பளவு மணலில் புதைந்து நிற்பதைக் கண்டு பிள்ளைகள் சன்னலில் குவிந்தனர். உடன்குடியில் வண்டி நின்றது. கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு மரத்தடியில் அமர்ந்து கொண்டுவந்த இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தோம். நம் பக்கத்தில் இருந்த இரு சிறுமியர், அக்காளும் தங்கையும், மிக வேகமாக உண்பதைக் கவனித்தோம். மெல்ல உண்ணுமாறு சொன்னோம். ‘லீவுல காலையில சாப்பிட மாட்டோம் சாமி. பள்ளிக்கூடத்துலதான் காலையில சாப்பாடு’ என்றாள் மூத்தவள், வருத்தம் ஏதுமின்றி, வானம் நீலம் என்று சொல்வதுபோல.

அந்தச் சொல் நம்மைத் தைத்தது. பெருந்தலைவர் காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கப்பட்டது. இவற்றையெல்லாம் மேடையில் புகழ்ந்து பேசியிருக்கிறோம். ஆனால் பள்ளிக் கதவு மூடும்போது அந்த அடுப்பும் அணைகிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. விடுமுறை என்றால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி என்று நாம் எழுதி வந்திருக்கிறோம். சில வீடுகளில் விடுமுறை என்றால் காலைப்பசி.

குலசேகரப்பட்டினம் வந்தது. அங்கே இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதைப் பிள்ளைகள் அறிந்திருந்தனர். ‘ராக்கெட் எங்கே சாமி?’ என்று ஒருவன் கேட்டான். இன்னும் கட்டவில்லை என்றதும் முகம் வாடியது. ‘நீ படித்து முடிப்பதற்குள் கட்டிவிடுவார்கள். ஏவுவதற்கு ஆள் வேண்டுமே’ என்றோம். அந்த விடை அவனுக்குப் பிடித்திருந்தது. அதன்பின் குலசேகரப்பட்டினம் கண்ணுக்கு மறையும் வரை அவன் சன்னலை விட்டு அகலவில்லை.

மணப்பாடு தொலைவிலேயே தெரிகிறது. தட்டையான கடற்கரையில் அந்த ஒரு மணற்குன்று மட்டும் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். 1540-ஆம் ஆண்டளவில் புயலில் சிக்கி, பாய்மரம் முறிந்து தத்தளித்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று இங்கே கரை சேர்ந்ததாகவும், உயிர் பிழைத்த தலைவன் அம்மரத்தினாலேயே சிலுவை செய்து குன்றில் நாட்டியதாகவும் ஊரார் வழிவழியாகச் சொல்கின்றனர். ஆலயம் எழுந்தது 1581-இல். ஆண்டுதோறும் செப்டம்பர் 14 அன்று திருச்சிலுவைத் திருவிழாவுக்கு மக்கள் வெள்ளமெனத் திரள்கிறார்கள். மே மாதத்து அந்தக் காலையில் கூட்டமில்லை. காற்றும் வெயிலும் அலையோசையுமே இருந்தன. குன்றின் ஒருபுறம் நீலக் கடல். மறுபுறம் கருமேனியாறு கடலில் கலக்குமிடத்தில் தேங்கிய கழிமுகம். அதன் கரையில் ஓட்டு வீடுகளும் கோபுரங்களுமாய் ஊர்.

பூசை நிறைவேற்றினோம். மறையுரை நீளவில்லை. மரியன்னை விரைந்து சென்று எலிசபெத்தோடு ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார் என்பதை மட்டும் நினைவூட்டினோம். அவர் கொண்டுசென்ற பரிசுப் பொருள் எதுவும் நற்செய்தியில் குறிக்கப்படவில்லை. தங்கினார் என்பதே சொல்லப்பட்டிருக்கிறது.

பிறகு குன்றின் கடற்புறத்தில் உள்ள குகைக்கு இறங்கினோம். 1542-ஆம் ஆண்டு இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த இடம் அது. அப்போது அவருக்கு வயது 36. தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்த சிலரைக் கூட்டி, விசுவாச மந்திரத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழில் ஆக்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துச் சென்று பிள்ளைகளைத் திரட்டினார்.

இது நாம் அனைவரும் மறைக்கல்வியில் கேட்ட கதை. ஆனால் அவருடைய மடல்களில் மேலும் ஒரு செய்தி இருக்கிறது. பிள்ளைகள் தம்மைக் கட்டளைச் செபம் செய்யவும் உண்ணவும் உறங்கவும் விடாமல், ஏதேனும் கற்றுத்தருமாறு நச்சரித்ததாக அவர் எழுதினார். அவர்களை அவர் தொல்லையாகக் கருதவில்லை; விண்ணரசு இத்தகையோரது என்பதன் பொருள் அங்கேதான் தமக்கு விளங்கியது என்றார். அம்மட்டோடு நிற்கவுமில்லை. ஊர்தோறும் நோயாளிகள் அவரை அழைத்தனர். எல்லா வீடுகளுக்கும் போக ஒருவரால் இயலாது. ஆகவே செபங்களைக் கற்ற சிறுவர்களையே நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். படுக்கையருகே வீட்டாரைக் கூட்டி வைத்துச் செபிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்.

குகையின் குளிர்ந்த நிழலில் அமர்ந்து இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது நமக்கே ஓர் உண்மை புலப்பட்டது. நாம் பிள்ளைகளுக்கு மைதானம் கொடுத்திருக்கிறோம். பிறகு அதைப் பூட்டியிருக்கிறோம். போட்டிகள் நடத்திப் பரிசு கொடுத்திருக்கிறோம். ‘நீ எனக்குத் தேவை, உன்னால் ஆகவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது’ என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. சவேரியார் சொன்னார். அதனால்தான் அவர் மணியோசைக்குப் பிள்ளைகள் ஓடிவந்தனர் போலும்.

அந்தக் குகைக்குள் சிறு கிணறு ஒன்று உண்டு. கடல் சில எட்டுத் தொலைவில் அலையடித்துக்கொண்டிருக்க, அதன் நீர் உப்பின்றி இனிக்கிறது. பிள்ளைகள் அதைச் சூழ்ந்து எட்டிப் பார்த்தனர். ஆச்சி மட்டும் குகை வாயிலிலேயே நின்றுவிட்டார். கிணறு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மாறியதைக் கண்டோம். அவரை உள்ளே அழைக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளைகளின் தலைகள் கிணற்றின் மேல் குவிந்ததைக் கண்டவுடன் அவர் தாமாகவே உள்ளே வந்தார். ‘ஏலே, தள்ளி நில்லுங்க. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க’ என்று அதட்டினார். இறைத்து வைத்திருந்த நீரைச் செம்பில் மொண்டு, வரிசையாக ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஊற்றினார். நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கும் ஊற்றி முடிய வெகுநேரமாயிற்று. கடைசியாக நாமும் கையை நீட்டினோம். ஊற்றினார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

வெயில் ஏறுமுன் கடற்கரைக்குப் போனோம். அங்கே வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நம் கூட்டத்தைக் கண்டு எழுந்து வந்தார். வணக்கம் சொன்ன கையோடு அவர் கேட்ட முதற்கேள்வி, ‘சாமி, எத்தன புள்ளைய? எத்தன பெரியாளு?’ என்பதே. சொன்னோம். ‘அப்ப சரி’ என்று தலையசைத்தார். ‘அண்ணாச்சி, இவர்களுக்குக் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்’ என்று வேண்டினோம். அவர் நடத்திய பாடத்தைப் போல் ஒன்றை நாம் குருமடத்திலும் கேட்டதில்லை.

‘அலை அடிக்கிற எடத்துக்குத்தான் எல்லாரும் பயப்படுதாங்க. ரெண்டு பக்கமும் அலை ஒடஞ்சி, நடுவுல மட்டும் அலையில்லாம அடங்கிக் கெடக்குதே, அங்கதான் பயப்படணும்’ என்று விரல் நீட்டிக் காட்டினார். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வழி அது. அதில் கால் வைத்தால் ஆளை உள்ளே இழுக்கும். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, வலுவெல்லாம் போய்விடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். ஆற்று முகத்துவாரத்தின் அருகே இறங்கவே கூடாது. ஒருவன் தத்தளித்தால் நீந்தத் தெரியாதவன் குதிக்கலாகாது. கயிறோ கம்போ வெறுங்குடமோ எறிந்துவிட்டுப் பெரியவர்களைக் கூவி அழைக்க வேண்டும். நீரில் மூழ்குகிறவன் பெரும்பாலும் கத்தமாட்டான், சத்தமின்றியே போய்விடுவான். ஆகவே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் கரையில் இருந்தே தீர வேண்டும்.

‘பயந்து ஓடி ஒளியக் கூடாது. என்ன தப்பு செஞ்சிருந்தாலும் ஓடிவந்து சொல்லணும். அடிக்க மாட்டாங்க’ என்று அவர் முடித்தார். நம் ஊர்க் கதை அவருக்குத் தெரியாது. ஆனால் சென்ற ஆண்டு ஓடி ஒளிந்த அந்த இரு சிறுவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். ஒருவன் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று பிற்பகல் அவனைத் தனியே அழைத்து அமர்த்தி, நாம் சொல்லவேண்டியதை ஓராண்டு தாமதமாகச் சொன்னோம்: ‘அது உன் குற்றம் அன்று, மகனே. வாயிலைப் பூட்டியவர் நாம்.’ அவன் அழுதான். ஓராண்டாக அவன் இரவில் திடுக்கிட்டு எழுவதாக அவன் தாய் பின்னர் நம்மிடம் கூறினார். அவன் மனத்தில் இருந்ததை எவரும் கேட்கவில்லை. பள்ளிக்குப் போகிறான், சோறு உண்கிறான், நன்றாக இருக்கிறான் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம்.

கரையில் விசைப்படகு ஒன்றும் கடலுக்குள் போகாததைக் கண்ட சிறுமி ஒருத்தி காரணம் கேட்டாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சுகள் பெருகுவதற்காக. ‘கடலுக்கும் லீவுதான் பாப்பா. குஞ்சு வளரணும்ல’ என்றார் முதியவர். பெரியவர்கள் தங்கள் வேலையைச் சிறிது நிறுத்திக்கொண்டால்தான் குஞ்சுகள் வளரும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது!

நண்பகலில் ஊருக்குள் ஒரு வீட்டுத் திண்ணையில் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவதைப் பிள்ளைகள் கண்டனர். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அவர்களோடு அமர்ந்து சில நிமிடங்களில் முடையக் கற்றுக்கொண்டாள். அவள் விரல்களின் வேகத்தைக் கண்டு அப்பெண்கள் வியந்தனர். நமக்கு வியப்பில்லை. அவள் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். ‘விடுமுறையில் என்ன செய்தாய்?’ என்று கேட்டோம். ‘பள்ளிக்கூடம் இருந்தாத்தான் எனக்கு லீவு சாமி’ என்று சிரித்தாள். தம்பிமார் தெருவில் விளையாட, வீட்டுவேலையும் பீடித்தட்டும் அவள் மடியில் விழுகின்றன. மகனுக்கு விடுமுறை, மகளுக்கு வேலை என்ற வழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை.

மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். உபதேசியார் பெயர்களை வாசித்தார். நாற்பத்தைந்து குரல்கள் விடையளித்தன. ஆச்சியின் மடியில் ஒரு சிறுவன் தலை வைத்து உறங்கிவிட்டான். தூக்குச் சட்டியில் அவர் கொண்டுவந்திருந்த அதிரசம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

அன்புள்ள பெற்றோரே, ஒருநாள் பயணத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அடுத்து வந்த கோடையில் நம் பங்கில் செய்தவற்றைச் சொல்கிறோம். அவற்றுக்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை.

மைதானம் இப்போது காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும், மாலை நாலரை முதல் ஆறரை வரையும் திறந்திருக்கிறது. உச்சி வெயிலில் அன்று. ஒவ்வொரு நாளும் இரு பெரியவர்கள் அங்கே இருக்கவேண்டும் என்று அன்பியங்கள் முறை வைத்துக்கொண்டன. கெபிக்குக் கம்பிவலை போட்டோம். அதற்கான செலவு, முன்பு உடைந்த கண்ணாடியின் விலையைவிடக் குறைவு.

காலை விளையாட்டு முடிந்ததும் கேப்பைக் கூழோ சுண்டலோ கொடுக்கப்படுகிறது. மரியாயின் சேனைப் பெண்கள் பொறுப்பேற்றனர். வந்த எல்லோருக்கும் கொடுக்கிறோம். எந்தப் பிள்ளை பசித்து வந்தது என்று எவரும் அறியவேண்டியதில்லை.

நீந்தத் தெரிந்த பெரியவர் நால்வர், படிக்கட்டுள்ள ஒரு கிணற்றில், சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்தனர். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம், தனிப் பெண்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 பேர் உலகில் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நீச்சல் விளையாட்டன்று, எழுத்தறிவைப் போல் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது. ஆயினும் நீந்தத் தெரிந்த பிள்ளையும் தனியே நீருக்குப் போகலாகாது என்பதை அதனோடு சேர்த்தே கற்பித்தோம்.

சவேரியாரின் வழியையும் பின்பற்றினோம். இருவர் இருவராகப் பிள்ளைகள், வாரத்துக்கு இருமுறை, ஊரில் தனித்து வாழும் முதியோரையும் படுக்கையில் இருப்போரையும் காணச் செல்கின்றனர். செபம் சொல்கின்றனர், நாளிதழ் வாசிக்கின்றனர், மருந்துக் கடைக்குப் போய்வருகின்றனர். படிப்பில் பின்தங்கியவன் என்று பள்ளியில் பெயர் வாங்கிய ஒரு சிறுவனை, ‘இன்று ஏன் வரவில்லை?’ என்று கேட்டு ஒரு முதியவர் ஆளனுப்பினார். தன்னை ஒருவர் தேடினார் என்பதை அச்சிறுவன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்.

கைப்பேசியைப் பற்றிப் பலர் நம்மிடம் முறையிடுகின்றனர். அதைக் குறை கூறுவது எளிது. ஆனால் பகலெல்லாம் வேலைக்குப் போன வீட்டில், பிள்ளையோடு தங்கியிருந்தது அது ஒன்றே. அதைப் பறிப்பதற்கு முன், அந்த இடத்தில் யார் அமரப்போகிறார் என்று தீர்மானியுங்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்று கூலித் தொழிலாளரிடம் சொல்ல நாம் அறியாதவர் அல்லோம். நான்கு வீட்டார் கூடி, நாளுக்கு ஒரு வீட்டில் ஒரு பெரியவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். வெளியூரில் உழைக்கும் தந்தை இரவில் தொலைபேசியில் அழைக்கும்போது, மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், ‘இன்று என்ன விளையாடினாய், யாரோடு?’ என்று கேட்கலாம். இரவில் திடுக்கிடும் பிள்ளை, உணவை வெறுக்கும் பிள்ளை, திடீரென்று பேச்சைக் குறைத்த பிள்ளை எதையோ சொல்லாமல் சொல்கிறது. அடிக்காமல், அவசரப்படாமல், அருகில் அமர்ந்து கேளுங்கள்.

திருக்குடும்பத்துக்கே இந்த அனுபவம் உண்டு. பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்பியபோது, பன்னிரண்டு வயது இயேசு பயணக் கூட்டத்தோடு வருகிறார் என்று எண்ணி, மரியாவும் சூசையப்பரும் ஒருநாள் வழி நடந்துவிட்டனர். அன்பில் குறையில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவரோடு இருப்பான் என்ற நினைப்பே குறை. ஆனால் தெரிந்தவுடன் அவர்கள் யாரையும் பழிக்கவில்லை. வந்த வழியே திரும்பி நடந்து, மூன்றாம் நாள் கண்டுபிடித்தனர். நமக்கு அந்த மூன்றாம் நாள் வாய்க்கவில்லை. வாய்த்திருக்கும் மற்ற எல்லாப் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறோம்.

அடுத்த விடுமுறை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் கணவனும் மனைவியும் அமர்ந்து ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: காலை பதினொரு மணிக்கு நம் பிள்ளை யாரோடு இருக்கும்? விடையாக ஒரு பெயர் வரவேண்டும். ‘யாராவது இருப்பார்கள்’ என்பது விடையன்று.

மைதானத்துச் சாவி இப்போது நம் அறையில் இல்லை. ஆச்சியின் முந்தானையில் முடிந்திருக்கிறது. காலை ஆறரைக்கு வாயிலைத் திறப்பவர் அவரே; ஒன்பதரைக்குப் பிள்ளைகளை எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பூட்டுபவரும் அவரே.